வலப்பக்க ஜன்னல்

16-2-1972, புதன். தவறு: சபீஹாவிடம் படம் வரைந்த தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வெட்டி முடிக்கும்வரை கூடவே நின்றிருக்க வேண்டும்.

இதை எழுதிவிட்டு ஸ்டானிஸ்லாஸ் பேனாவை மூடினான். தவறை நடந்த சூட்டோடு எழுதிவிடுவது அவன் வழக்கம். அந்த நோட்டில் முக்கால்வாசி தவறுகள்தான்.

எதிரே மேசையில் இரும்புக் கூடு உட்கார்ந்திருந்தது. ஏதோ பழைய கப்பலில் இருந்த ரேடியோவின் கூடு. உள்ளே எதுவும் இல்லாமல் காயலாங்கடையில் கிடந்தது. தன் கையால் செய்த ஐந்து டிரான்சிஸ்டர் ரேடியோவை அதற்குள் குடிவைக்கத்தான் இத்தனை பாடும்.

ஆறரை மணிக்கு மாலை ரேடியோ வகுப்பில் பரீட்சை. ரேடியோ பெட்டிக்குள் மூடியிருக்க வேண்டும், பாடவும் வேண்டும். தேறுகிறவர்களில் இரண்டு பேரைத்தான் திருவொற்றியூர் ரேடியோ கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் பழைய வேலையிலேயே கிடக்க வேண்டும். அவனுக்கு அது துறைமுகத்தில் மூட்டை எண்ணுவது.

இப்போது மணி ஐந்து.

டயல் தெரிவதற்கான ஜன்னலைக் கூட்டின் முகப்பில் வலப்பக்கம் வெட்டியிருந்தாள் சபீஹா. அவன் சொன்னது இடப்பக்கம். கூட்டின் மேலேயே பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டுக் கொடுத்திருந்தான். அது அழியாமல் அப்படியே இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன், வண்ணாரப்பேட்டை டிரங்குப் பெட்டிப் பட்டறையில் அவன் நுழைந்ததுமே சபீஹாவின் அண்ணன் ஜஹாங்கீர் அவன் நெற்றியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா நைனா, நீயும் பட்ட போட்டுக்கினியா?"

காலைப் பூசையில் சாமியார் இட்ட சாம்பல். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். வேறு நாளாக இருந்தால் ஸ்டானிஸ்லாஸும் சிரித்திருப்பான். ஆனால் அதற்குள் அவன் கூட்டைப் பார்த்துவிட்டான்.

"படம் பாக்கத் தெரியாதவங்க கையில குடுத்தது என் தப்பு."

பெட்டி வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜஹாங்கீரின் சிரிப்பு நின்றது. "தோ பாரு, வேல சுத்தமா இல்லன்னா என்னாண்ட சொல்லு. என் தங்கச்சிய ஒரு வார்த்த சொல்லாத."

சபீஹா நிமிரவில்லை. ஒரு டிரங்கு மூடிக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். மரச் சுத்தியலில் ஓர் அடிகூடத் தப்பவில்லை.

"போட்டுப் பாருங்க. ஒத்து வரலன்னா எட்த்துகினு வாங்க."

அவன் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வேறு வழியில்லை. போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினான், கிழிக்கும் என்று பயந்துகொண்டே. கிழிக்கவில்லை. வெட்டின இடம் முழுக்க மெல்லிய தகரப் பட்டையை மடித்துக் கவ்வ வைத்திருந்தாள். எந்த ஒயர் உரசினாலும் தோல் உரியாது. அதைச் செய்யும்படி அவன் சொல்லவே இல்லை. அவனுக்குத் தோன்றவும் இல்லை.

நான்கு மூலையும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. அந்தப் பட்டறையில் ஸ்கேல் எதையும் அவன் பார்த்ததாக நினைவில்லை.

டிரான்சிஸ்டர்கள் பொருத்திய தட்டை எடுத்து உள்ளே இறக்கினான். அடியில் பழைய திருகுத் துளைகள் மூன்று. மூன்று திருகும் தேடாமல் உட்கார்ந்தன. டயலைத் திருப்பும் தண்டு, வலப்பக்க ஜன்னலின் நட்டநடுவில் வந்து நின்றது.

தண்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

அதிர்ஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது. அதிர்ஷ்டத்தை அவன் நம்புவதில்லை. கூட்டுக்குள் மடித்து வைத்திருந்த தன் தாளை எடுத்துப் பிரித்தான்.

அதன் பின்பக்கத்தில் கரிக்கோடு.

அவன் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் அவள் தாளைத் திருப்பிப் போட்டு, ஊடே தெரிந்தபடியே மறுபடி வரைந்திருந்தாள். மூன்று திருகுப் புள்ளிகளையும் தனித்தனியே சுழித்திருந்தாள்.

தட்டைக் கழற்றிவிட்டு, தாளைத் தான் வரைந்த பக்கமாகக் கூட்டின் அடியில் வைத்துப் பார்த்தான். நடுத்துளை ஒரு விரல் தள்ளிப் போனது. திருப்பி வைத்தான். மூன்றும் பொருந்தின.

அவள் செய்தது அவ்வளவுதான். மூன்று முறை அளந்து படம் போட்ட அவன், ஒரு முறைகூடத் தாளைக் கூட்டில் வைத்துப் பார்க்கவில்லை.

வகுப்பில் கரும்பலகைப் படங்கள் எல்லாமே கீழிருந்து பார்த்தவை. ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்கும் பக்கம் அதுதானே. மூன்று மாதமாக அவன் அந்தத் தட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் வேலை செய்தான். கவிழ்த்து வைத்தே படமும் வரைந்துவிட்டான். தட்டு நிமிர்ந்து உட்காரும்போது இடம் வலமாகிவிடும் என்பது ரேடியோ படிக்கிறவனுக்கு உறைக்கவில்லை. ரேடியோவின் உள்பக்கத்தைப் பார்த்தே இராதவளுக்கு உறைத்திருக்கிறது.

பெட்டி வாங்க வந்தவர்கள் முன்னால் அதை அவள் சொல்லியிருக்கலாம். தாளைப் பிரித்துக் காட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

தட்டை மறுபடி பொருத்தி, பாட்டரியை மாட்டி, மூடியை முடுக்கினான். குமிழைத் திருப்பியதும் கூட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது. இரும்பு அதிரவே இல்லை.

மணி ஐந்து நாற்பது. வகுப்புக்கு நடக்க அரை மணி நேரம் போதும். நோட்டைத் திறந்தான். முதலில் எழுதியதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினான்.

திருத்தம்: தவறு என் படத்தில். "இது மேலேர்ந்து பாத்ததா, கீழேர்ந்து பாத்ததாங்க?" என்று நேற்றே சபீஹா கேட்டாள். படத்துக்கு ஏதம்மா மேலும் கீழும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன்.

நாளை: ஷிப்டு முடிந்ததும் பட்டறை. கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.