வாய்க்கால் எல்லை

“அந்தக் கோட்ட மாத்தச் சொன்னது யாருன்னு எனக்குக் காயிதத்துல வேணும், தாயி. வேற ஒண்ணும் கேக்கல.”

மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் குமரகுருபரன் தவறாமல் வந்துவிடுவார். அறுபத்தெட்டு வயது. பழைய கிராம முன்சீப். அந்தப் பதவியையே அரசாங்கம் ஒழித்துப் பதினேழு வருடமாகியும் ஊரில் அவர் இன்னும் ‘முன்சீப் ஐயா’தான்.

தேர்தல் பிரிவில் துணை தாசில்தாராக இருந்த மதுமதிக்கு அவர் கதை முழுக்கத் தெரியும்.

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணியிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்று. இக்கரையில் அவர் ஊர். அக்கரையில், கூலி வேலைக்குப் போகிறவர்களின் ஊர். இரண்டையும் சேர்த்த பாலத்தைத் தொண்ணூற்றிரண்டாம் வருட வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

அந்த வாய்க்கால்தான் இரண்டு பார்லிமெண்ட் தொகுதிகளுக்கு எல்லை. பாலத்தின் ஒரு முனை ஒரு எம்.பி.க்கு, மறுமுனை இன்னொரு எம்.பி.க்கு. தன் தொகுதி நிதியை அடுத்த தொகுதியில் செலவழிக்க முடியாது என்று அவர் இவரைக் கை காட்டினார், இவர் அவரைக் கை காட்டினார். பஞ்சாயத்திலும் வழியில்லை. ஐந்து வருடமாக இரண்டு பனந்தடிகள்தான் பாலம்.

போன ஐப்பசி மழையில் தடி புரண்டது. முன்சீப்பின் ஒரே மகள் விஜயஸ்ரீ அக்கரைப் பால்வாடியில் டீச்சர். சாயங்காலம் திரும்பும்போது தண்ணீர் கூடியிருந்ததால், டீச்சரைத் தனியே விடக் கூடாதென்று கைப்பிடித்துக் கூட்டிவந்தவள் அக்கரைக் கெசியா. மறுநாள் இரண்டு மைல் தள்ளி இரண்டு பேரையும் எடுத்தார்கள். பிடித்த கை அப்போதும் விட்டிருக்கவில்லை.

“ஐயா, இனி எல்லை மாறணும்னா ரெண்டாயிரம் தாண்டி எடுக்குத ஜனத்தொகைக் கணக்கு வரணும். அதுவரைக்கும் யாரும் தொட முடியாது” என்று மதுமதி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

எல்லையை மாற்ற வேண்டாம் என்றார் அவர். எழுபத்து நாலில் வெளியான முதல் வரைவில் இரண்டு ஊரும் ஒரே தொகுதியில் இருந்தன. ஆட்சேபணை போனதால்தான் கோடு வாய்க்காலுக்கு வந்தது. அந்த ஆட்சேபணை மனுவின் நகல் ஒன்று கிடைத்தால் போதும்.

அவரை வாரா வாரம் பஸ்ஸில் கூட்டிவருகிறவன் கெசியாவின் புருஷன் வேதமுத்து. உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பான். ஒருமுறை அவனிடம் மதுமதி பேச்சுக் கொடுத்தாள்.

“அவுகளும் மகளப் பறிகுடுத்தவுகதான். ஆனாலும் எங்களுக்காவ அலையுதாவளே, இந்த மாதிரி ஒரு மனுசன் உண்டாம்மா?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, கோட்டை மாற்றச் சொன்ன ஆள் இன்னாரென்று தெரிந்தால் தான் ஜெயிலுக்குப் போகவும் தயார் என்றான்.

அடுத்த வாரம் மதுமதியே ஆவண அறைக்குள் போனாள். மூன்று நாள் தூசியில் தேடியதில் கட்டு கிடைத்தது. மனு இரண்டே பக்கம். அழகான கையெழுத்து. ‘அக்கரை ஜனங்களோடு எங்களுக்கு எவ்விதப் பழக்கவழக்கமும் கிடையாது. அவர்களை எங்களோடு சேர்த்தால் எங்கள் ஓட்டுக்கு மதிப்பிராது. ஆகவே வாய்க்காலையே எல்லையாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே நாற்பத்திரண்டு பேர் கையொப்பம் இட்டிருந்தார்கள்.

மதுமதி அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டை முன்போலவே கட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை குமரகுருபரன் வந்து உட்கார்ந்ததும், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “கெடைக்கல ஐயா. எழுபத்து நாலுக் கட்டெல்லாம் செல்லரிச்சுப் போச்சு.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“விட்டுருங்க ஐயா. ஆளு தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? போன உசுரு வரப்போவுதா? இன்னொரு உசுரு போவாம இருந்தாச் சரி.”

“அப்பம் படிச்சிட்டிய” என்றார் அவர்.

மதுமதி எழுதுவதை நிறுத்தினாள்.

“எனக்காவத்தான் மறைக்கிய. எழுதினது நானு. முதல் கையெழுத்தும் என்னுதுதான். நான் மறந்துட்டேன்னு நெனச்சியளா?”

எல்லாம் தெரிந்தும் இத்தனை வாரம் எதற்காக அலைந்தார் என்று கேட்டாள்.

“ஊர்க் கூட்டத்துல சொன்னேன், தாயி. ஒருத்தரும் நம்பல. மக போன துக்கத்துல ஐயாவுக்குப் புத்தி பேதலிச்சிட்டுங்காவ. வேதமுத்து என்னக் கட்டிப்பிடிச்சு அழுதான்.” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “அவன உள்ள கூப்பிடுதேன். அந்தக் காயிதத்த எடுத்துட்டு வந்து நீங்களே அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்க.”