மூன்றாவது துளி

"மழை! எல்லாரும் ஷெட்டுக்கு!"

மெர்வ் கையைத் தூக்கியதும், ராட்சத ராட்டின உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தவனிலிருந்து கீழே கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தவன் வரை இருபத்திரண்டு பேரும் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

ஜெனீன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு துளி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

"யோவ் மெர்வ்! இது மழையா? மேலே பறந்த கடற்காகம் எதையோ போட்டுட்டுப் போயிருக்கு!"

தொழிற்சங்கப் பிரதிநிதி மெர்வ், நோயாளியின் நாக்கைப் பார்க்கும் டாக்டர் மாதிரி வானத்தைப் பார்த்தார்.

"மோசமாத்தான் இருக்கு. ஈர இரும்புல ஒருத்தன் வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது? காயட்டும், வர்றோம்."

"எது காயணும்? நனையவே இல்லையே!"

"விதி விதிதான், பாஸம்மா."

ஷெட் கதவு டமாலென்று சாத்திக்கொண்டது. உள்ளே ரேடியோ அலறியது.

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் இன்னொரு கேளிக்கைப் பூங்கா. பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை திறப்பு விழா. இன்று வியாழன். கட்டி முடிக்கும் பொறுப்பு முழுவதும் ஜெனீன் தலையில்.

பாக்கியிருந்த கைப்பிடி வேலைகூடப் பெரிய விஷயமில்லை. வாசலிலேயே நிற்கவேண்டிய குதிரை ராட்டினம்தான் கழுத்தை அறுத்தது. கப்பலில் வந்த முப்பத்தாறு மரக்குதிரைகளும் உப்புக்காற்றில், கடற்கரையில் படுத்துக் கிடந்த வெளியூர்க்காரன் முதுகு மாதிரி உரிந்துபோய் இறங்கின. பெயிண்டர் கம்பெனியோ, "ஒரு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டது. தார்ப்பாயைப் போட்டு மூடி ஷெட்டுக்குப் பின்னால் தள்ளச் சொன்னவள், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

குதிரைகள் வந்திறங்கிய இந்த இரண்டு வாரமாகத்தான் மெர்வுக்கு இந்த மழைப் பைத்தியம். தினம் ஒருமுறை வந்த 'மழை', இந்த வாரம் தினம் இரண்டு முறை. ஷெட் ஜன்னலெல்லாம் செய்தித்தாள் ஒட்டியாகிவிட்டது. தூங்கத்தான், வேறெதற்கு?

போய்ப் பார்க்கவும் முடியாது. தொழிலாளர் ஷெட்டுக்குள் அவர்கள் கூப்பிடாமல் பாஸ் கால் வைக்கக்கூடாது. ஜெனீன் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வைத்ததில்லை.

போன் அடித்தது. பூங்கா முதலாளி கிரெய்க்.

"சனிக்கிழமை திறக்கறோமா, இல்லையா?"

"குதிரைங்கதான்..."

"தோல் உரிஞ்ச குதிரையை வாசல்ல நிறுத்த மாட்டேன், ஜெனீன். நாலு மணிக்குள்ள முடிவு சொல்லு. முடியாதுன்னா தள்ளி வைப்போம். மிச்சத்தை முடிக்க வேற ஆள் பார்த்துக்கறேன்."

மணி மூன்றே முக்கால். 'முடியாது' என்று சொல்லப் போகிறோம், சரி. அதற்கு முன்னால் மெர்வுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை! ஜெனீன் விடுவிடுவென்று ஷெட்டுக்கு நடந்தாள்.

கதவருகே போனதும், உள்ளேயிருந்து அவள் குரலே கேட்டது.

"யோவ் மெர்வ்! இது மழையா, உன் தும்மலா?"

ஒரே சிரிப்பு.

ஜெனீன் கதவை எட்டி உதைத்தாள்.

தலையில் துண்டை முடி மாதிரி தொங்கவிட்டு, இடுப்பில் கை வைத்து அவளைப்போலவே நின்றிருந்தான் டெவிட்டா, டோங்காத் தீவுக்கார வெல்டர். மறு கையில் பிரஷ். அதிலிருந்து தங்க நிறம் சொட்டிக்கொண்டிருந்தது.

யாரும் தூங்கவில்லை. மேசைகள் சுவரோரம் ஒதுங்கியிருக்க, ஷெட் முழுக்கக் குதிரைகள். உள்ளூர் குயின்ஸ்லாந்து ரக்பி அணியின் செம்பழுப்பில் ஒன்று. டோங்கா கோலம் போட்ட வெள்ளை ஒன்று. கண் மை தீட்டிய ஒன்று. ஒரே ஒரு நீலக் குதிரை மட்டும் சுவரைப் பார்த்து நின்றது.

"அதுக்கு என்ன ஆச்சு?" வேறு எதுவும் கேட்க வரவில்லை அவளுக்கு.

"சிட்னிக்காரன் ஒருத்தன் நம்மகூட வேலை பார்க்கிறான்ல? நம்ம டீமுக்குப் பரம எதிரியான அவங்க அணியோட நீலத்தை அடிச்சுட்டான். அதுக்குத் தண்டனை" என்றார் மெர்வ்.

"உரிஞ்சுடாதா?"

"என் மச்சான் படகுப் பட்டறையில வாங்கின பெயிண்ட், பாஸ். கடல்ல தள்ளினாலும் உரியாது" என்றான் டெவிட்டா, துண்டை மெதுவாக இறக்கியபடி.

"முப்பத்தாறுமா?"

"ஒண்ணுக்கு வால் பாக்கி. அதுக்குத்தான் இன்னிக்கு மழை பெஞ்சுது."

ஜெனீன் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கைப்பிடி?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். நாளைக்கு மழை கிடையாது" என்றார் மெர்வ், மேகமெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் கலைகிற மாதிரி.

"எதுக்குய்யா இதெல்லாம்?"

டெவிட்டா தலையைச் சொறிந்தான். "குதிரை ரெடியாகலைன்னா உங்களை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு கேள்விப்பட்டோம். புது பாஸோட திட்டு பழகவே ஒரு வருஷம் ஆகும்."

போனை எடுத்தாள். "கிரெய்க், சனிக்கிழமை திறக்கறோம்!" என்றாள். ஷெட்டே விசிலடித்தது.

"ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ரெண்டு வாரமா வாய்க்கு வந்தபடி திட்டினேனே!"

மெர்வ் அவசரமாகக் கதவைச் சாத்தினார். செய்தித்தாள் கிழிசல் வழியாக வெளியே ஒருமுறை நோட்டம் விட்டார். அவர் குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"மழைன்னா வேலை கிடையாதுன்னு முப்பது வருஷமா சண்டை போட்ட ஆள் நான். நானே மழை நேரத்துல வேலை வாங்கினேன்னு தெரிஞ்சா, சங்கத்துல எந்த முகத்தோட போய் நிப்பேன்? புண்ணியமாப் போகும், பாஸம்மா... வெளியே போய் ஊருக்கே கேக்கற மாதிரி எங்களைச் 'சோம்பேறிங்களா'ன்னு இன்னொரு தடவை திட்டுங்க!"