பக்கத்து வீட்டுப் பாட்டுப்பெட்டி

நியெம் தன் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சந்து முழுக்கப் பாட்டுச் சத்தம். பக்கத்து வீட்டு தியெப்பின் தகப்பனாருக்கு அன்றைக்குத் திதி. சைகோனில் திதி என்றால் காலையில் ஊதுபத்தி, மத்தியானம் பீர், அப்புறம் சக்கரம் வைத்த பாட்டுப்பெட்டியை வாசலுக்கு உருட்டிவந்து ஆளாளுக்கு மைக் பிடித்துத் தொண்டை கிழியப் பாடுவது. செத்தவர் கொடுத்துவைத்தவர், அவருக்குக் காது கேட்காது.

நியெமின் மனைவி லுவா அந்த வீட்டுச் சமையலறையில் ஒத்தாசைக்குப் போயிருந்தாள். பாத்திரமெல்லாம் கழுவிவிட்டுத்தான் வருவாள். அதற்குள் அவன் தன் திருட்டுத்தனத்தை முடித்தாக வேண்டும்.

திருட்டுத்தனம் வேறொன்றுமில்லை, சேவல் சண்டை. எங்கோ ஒரு கொட்டகையில் சேவல்கள் மோதும். அதைக் கணினியில் பார்த்துக்கொண்டே பந்தயம் கட்டலாம். போன வருஷம் இதே வேலையில் மாட்டி அபராதத்தோடு தப்பித்தான். அடுத்த தடவை மாட்டினால் அபராதம் இல்லை, உள்ளேதான். அப்போது, ஒழுக்கமான வீட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும், வாசலில் தொங்கும் ‘பண்பாட்டுக் குடும்பம்’ பலகை பறிபோகாமல் இருக்க லுவா யார் யார் கையையோ காலையோ பிடித்தாள்.

“இன்னொரு தடவை இந்த வீட்டுல சேவல் சத்தம் கேட்டுச்சுன்னா பலகையைக் கழட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீ கோழிகளோடயே குடும்பம் நடத்துய்யா” என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால்தான் இந்த ப்ளூடூத் ஹெட்போன். ஒயர் செருகும் ஓட்டை எப்போதோ கெட்டுப்போயிருந்தது. சத்தமே இல்லாமல் சண்டையைப் பார்க்கலாமே என்றால், அவனுக்கு அது மீன்சாறு விடாத சோறு மாதிரி, இறங்காது.

கணினியில் ப்ளூடூத்தைத் திறந்தான். வரிசையாகப் பெயர்கள் வந்தன. சந்தில் யார் யார் வீட்டில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் வந்தது. தன்னுடையது எது என்று அவனுக்கு விளங்கவில்லை. எண்ணும் எழுத்துமாக இருந்த ஒன்றைக் குத்துமதிப்பாக அழுத்தினான். ‘இணைக்கிறது’ என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றட்டும் என்று விட்டுவிட்டுச் சேவல் சண்டையைத் திறந்தான்.

திரையில் கறுப்பும் சிவப்பும் மோதிக்கொண்டிருந்தன. ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. தலையில் மாட்டியபடியே அதை ஒரு தட்டுத் தட்டினான். அப்போதும் இல்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் சோகப் பாட்டு பாதியில் அறுந்தது. அதற்குப் பதிலாகச் சந்தே அதிரும்படி ஒரு கரகரத்த குரல் எழுந்தது. “கறுப்பு ஏறுது, கறுப்பு ஏறுது, சிவப்புக்கு ஒரு கண்ணு போச்சு.”

நியெமின் திரையில் கறுப்புதான் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புக்கு ஒரு கண் போயிருந்தது.

தன் கணினி அந்தப் பாட்டுப்பெட்டியோடு சேர்ந்துவிட்டது என்று நினைத்தான். பாய்ந்து திரையை அணைத்தான். குரல் இன்னும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது. பாட்டு திரும்ப ஆரம்பிக்கவில்லை. அவன் வாசலை நோக்கிச் செருப்புச் சத்தம் வந்தது.

முதலில் தியெப் நுழைந்தார். சந்துக்கு அவர்தான் தலைவர். பின்னால் விருந்துக்கு வந்திருந்த வட்டக் காவலர். அவருக்கும் பின்னால் ஈரக் கையோடு லுவா.

“என்னப்பா நியெம், எங்கப்பாவுக்குப் படையல் போட்டிருக்கு, நீ சேவலைக் கத்தவிடுற. அவரு உனக்கு என்ன பாவம் பண்ணாரு?” என்றார் தியெப்.

“அண்ணே, நான் சும்மா பாட்டுக் கேட்டுக்கிட்டு…”

காவலர் கணினிப் பெட்டியின் மேல் கையை வைத்தார். “அடுப்பு மாதிரி சுடுது. திரையைப் போடு.”

நியெமின் விரல் பொத்தானைத் தேடியது. கிடைத்தும் அழுத்த முடியவில்லை.

“வேணாம் சார்” என்று லுவா முன்னால் வந்தாள். “அவரு இல்ல. அந்தச் சத்தம் என் போன்லேருந்து வந்துது.”

தியெப் வாயைப் பிளந்தார். “நீயா? போன வாரம் மாதர் சங்கத்துல சூதாட்டம் குடியைக் கெடுக்கும்னு பேசுனவ நீதானேம்மா.”

“புத்தி கெட்டுப்போச்சு அண்ணே.”

“புருஷனைக் காப்பாத்தப் பாக்குறியா?” என்றார் காவலர்.

“இல்ல சார், சத்தியமா நான்தான்.”

காவலர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவன் முழித்த முழியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “யோவ், இப்படி ஒரு பொண்டாட்டி எனக்கு அமையலய்யா” என்று முனகிவிட்டு, அவளுக்கு இது முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விடுவதாகச் சொன்னார். தியெப் போகும்போது பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

நியெம் அப்படியே உடைந்துபோனான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்கு முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை.

“பலகைன்னா உனக்கு உசுரு. அதையும் குடுத்துட்டு எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டியே, லுவா. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டியே. இனிமே அந்தச் சனியனைத் தொட்டா என் கை அழுகிப்போகட்டும்.”

லுவா கையை இடுப்பில் சுற்றியிருந்த சமையல் துணியில் நிதானமாகத் துடைத்தாள். திரையைப் போட்டாள். ‘இணைக்கிறது’ வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டேயிருந்தது.

“நீல விளக்கு மின்னுற வரைக்கும் ஹெட்போன் பொத்தானை அழுத்திப் பிடிக்கணும்யா. உன் கம்ப்யூட்டர் இன்னும் எதோடயும் சேரவே இல்ல” என்றாள். பிறகு குனிந்து, நடந்து முடிந்த சண்டையைத் திரையில் தேடினாள்.

“பாட்டுப் போட அவங்க பெட்டியோட என் போனைத்தான் இணைச்சிருந்தாங்க, அது ஞாபகமில்லாம அடுப்படியில ஒக்காந்து நான் சேவலைத் திறந்துட்டேன்; அது கெடக்கட்டும், கறுப்பு ஜெயிச்சுதா இல்லையா?”