அக்கறையான தங்கமீன்

இன்டர்நெட்டில் இலவசம் என்று போட்டிருந்ததால் ஜெசிந்தா டீச்சர் டவுன்லோடு செய்த தங்கமீன் ஒன்று, வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தது.

"டீச்சர் இன்னிக்கு என்னண்ணே தட்டினாங்க?" என்று அது கீபோர்டைக் கேட்டது.

கீபோர்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வருஷமாக அடிதான் வாங்குகிறது. ஒருத்தராவது இப்படி அக்கறையாக விசாரித்ததுண்டா?

"மூட்டுவலிக்கு மருந்து தேடினாங்க, தம்பி."

மறுநாள் திரை முழுக்கத் தைல விளம்பரம்.

"நீங்க சொல்றதெல்லாம் வெளியே போகுதுண்ணே, வாயை அடக்குங்க," என்றது மவுஸ்.

"உன்னை யாரும் விசாரிக்கலைன்னு பொறாமை உனக்கு!"

அன்று டீச்சர் கம்ப்யூட்டரில் தன் பேங்க் கணக்கைப் பார்த்தார். மீன் கேட்கும் முன்பே கீபோர்டு பாஸ்வேர்டை எழுத்து விடாமல் ஒப்பித்துவிட்டது.

இரண்டே நாளில் கணக்கு காலி. டீச்சர் அழுதுகொண்டே ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தார். அவர் மீனை அடியோடு துடைத்தெடுத்துவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றவைத்துவிட்டுப் போனார்.

கீபோர்டு வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்ல பையன். எங்கே போனானோ, பாவம்!" என்று மவுஸிடம் அங்கலாய்த்தது. "புது பாஸ்வேர்டை அவங்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையே!"