பதினேழாவது விதி

அலுவலகத்துக்கு வரும் குப்பை மெயில்களைத் தடுப்பதுதான் அவர் வேலை. ஒன்று மட்டும் அவருக்குத் தண்ணி காட்டியது. "அப்பா, கதவைத் திறங்க" என்று தினமும் காலை பதினொரு மணிக்கு வந்துவிடும். முகவரியைத் தடுத்தால் வேறு முகவரியிலிருந்து வந்தது. வார்த்தைகளைத் தடுத்தால் படமாக வந்தது. அவருக்குக் குழந்தையே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழாவது தடுப்பு விதியை எழுதினார். மறுநாள் மெயில் வரவில்லை.

"ஒருவழியா ஒழிஞ்சுது சனியன்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனார்.

வாசலில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது. மனைவி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சத்தம் போடாதீங்க, இப்பதான் தூங்கினா. பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டினா. எத்தனை மெயில் போட்டும் நீங்க பதிலே போடலையாம்."

அவர் தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.