பின்பாரம்

"வேண்டாம் துரை. இது ஜீப்பு இல்ல, பிக்கப்பு. பின்னாடி ரெண்டு சக்கரந்தான் இழுக்கும். புல்லு மேட்டுல விட்டா சறுக்கிக்கிட்டுக் கீழ வந்துரும்" என்றார் டிரைவர் சூசையப்பன்.

"ஓட்டறதுதான் உன்ற வேலை. எங்க போகோணும்னு நாஞ் சொல்றேன். திருப்புய்யா வண்டிய!"

மேனேஜர் அர்த்தநாரிக்குக் காது மடல்வரை சிவந்திருந்தது. எதிரே தார்ச்சாலையை அடைத்துத் தோட்டத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சம்மணம் போட்ட வீரபாண்டி, "முதலாளியப் பாக்க விடாம இந்த வண்டி நகராது!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

வருஷத்துக்கு ஒரு முறை வருகிற முதலாளி, மலையுச்சிப் பங்களாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ஜீப் அவரை அழைத்துவந்து அங்கேயே நின்றது. புதுத் தேயிலைத் தூளை அவர் கையில் காட்டி, மதியத்துக்குள் ஏலப்பாறைக்கு இறக்கி அனுப்பிவிட்டால் அர்த்தநாரி தப்பித்தார். அதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆள் ஒருத்தர் அவரை எட்டிவிட்டால் போதும், பிள்ளைப்புரைப் பேச்சு வந்துவிடும்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைப்புரையின் கூரை போன மழையில் பறந்துபோனது. அன்று முதல் அந்தச் சிசுக்கள் உரக்கொட்டகையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தன. முதலாளியிடமோ, "புதுசு கட்டியாச்சுங்க" என்று அர்த்தநாரி சொல்லியிருந்தார். அதனால்தான் பங்களா கேட்டில் காவல். லயத்து ஆள் எவரையும் உள்ளே விடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

பிக்கப் தார்ச்சாலையை விட்டு இறங்கியது. தேயிலைக்கு நடுவே ஏறும் அந்தப் புல்பாதை, கேட்டைத் தொடாமல் நேரே பங்களாவின் பின்முற்றத்தில் போய் முடியும்.

பாதி மேட்டில் பின்சக்கரங்கள் கிர்ரென்று சுழன்றன. சேறு வாரி அடித்தது. வண்டி ஒரு முழம் ஏறி, இரண்டு முழம் சறுக்கியது.

"மாசி வெயில்ல இங்க ஏதய்யா சேறு? எந்த எழவெடுத்த வாய்க்கா ஒடஞ்சு தொலைஞ்சுதோ!" அர்த்தநாரி இறங்கி, டயரை ஓர் உதை விட்டார். வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முழங்கால்வரை சேறு. நாலைந்து பேர் இடுப்பில் குழந்தைகள். முன்னால் நின்றவள் செபமாலையம்மாள். வாய்க்காரி.

"என்ன வேடிக்கை? வந்து பின்னாடி ஏறுங்க எல்லாரும்! பெட்டி காலியாக் கெடக்குது. பாரம் இருந்தாத்தான் சக்கரம் மண்ணைப் புடிக்கும்."

"போன மழையிலயும் எங்களத்தான் ஏத்துனீக. நாங்க என்ன உர மூட்டையா?" என்றாள் செபமாலையம்மாள்.

"எங்கூரு பெருமாட்டில வயல்ல பரம்படிக்கறப்போ பலகை மேல ஆள ஏத்தித்தான் நிறுத்துவோம். அவிய யாரும் வாய் பேசறதில்ல. ஏறு!"

"கொழுந்து எடுக்க வந்தவுக நாங்க. ஏற முடியாது."

"அப்ப இன்னிக்கு ஒருத்திக்கும் பேர் கெடையாது, கூலியும் கெடையாது. ஊட்டுக்குப் போங்க!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை இருமத் தொடங்கி, மூச்சு வாங்காமல் இருமியது.

"பிள்ளைகள எங்க விட்டுட்டு ஏற?" என்றாள் செபமாலையம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தூக்கிக்கிட்டு ஏறு! அதுவும் பாரந்தானே!"

அவள் முகம் சுண்டிப்போனது. காறித் துப்பப் போனவள்போல நின்று, விழுங்கிக்கொண்டாள். "கேட்டீகளாடி? அதுவும் பாரமாம். ஏறுங்க, துரை உத்தரவு."

முணுமுணுத்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் ஏறினார்கள். கடைசிப் பலகையோரம் நெருக்கியடித்து நின்றார்கள். சூசையப்பன் மெல்ல கிளட்சை விட்டார். சக்கரங்கள் சேற்றைக் கவ்வின. வண்டி கரகரவென்று ஏறியது.

"பாத்தியா? பாரம்யா, பாரம்!" அர்த்தநாரி தொடையில் தட்டிக்கொண்டார். பங்களாவின் ஓட்டுக்கூரை தெரிந்ததும், "நிறுத்து. இவளுகள இங்கயே எறக்கி விட்டுரு" என்றார்.

"மேட்டுல நிறுத்தினா மறுபடி கீழதான் போகும் துரை. நீங்களே பாத்தீகளே!"

"யோவ், நிறுத்துங்கறேன்!"

சூசையப்பன் நிறுத்தவில்லை. வண்டி உறுமிக்கொண்டு சமதளத்துக்கு ஏறி, பின்முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியின் முன்னால்தான் நின்றது.

முதலாளி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன அர்த்தநாரி, புதுப் பிள்ளைப்புரை இருக்கும்போது குழந்தைகளை ஏன் லோடு அடிக்கிறீங்க?"

"அது வந்துங்க முதலாளி… நடுவுல சேறுங்க… திடீர்னு தண்ணி…"

அதற்குள் செபமாலையம்மாள் இறங்கிவிட்டாள். இருமும் குழந்தையை முதலாளி பார்க்கும்படி தோளில் திருப்பிப் போட்டாள். பிறகு பின்னால் நின்ற பெண்ணிடம் நிதானமாகச் சொன்னாள்:

"ஏட்டி ஜானகி, ஓடிப்போய் அந்த வாய்க்கால பழையபடி நாத்தங்கால் பக்கமே திருப்பி விட்டுட்டு வா. விடிஞ்சதுலருந்து பாதையில ஓடுது, நாத்து வாடிரும்."