ஒன்பதாவது ஈ

"ரெண்டு பேரும் உக்காருங்க. இதுல யாரு யாரைப் பார்த்து எழுதினது?"

பேராசிரியை இரண்டு அசைன்மென்ட் தாள்களையும் மேஜைமேல் அருகருகே வைத்தார். இரண்டு முனையையும் கட்டிவிட்ட கம்பி எப்படி அதிரும் என்கிற கணக்கு. வகுப்பே முட்டி மோதித் திணறிய கணக்கு. இந்த இரண்டு தாளில் மட்டும் ஒரே வழி, ஒரே குறியீடுகள், ஓரத்தில் ஒரே மாதிரி வளைந்த அலை.

எதிரே உட்கார்ந்தவர்களில் ஒருத்தி வகுப்பின் கெட்டிக்காரி. எந்நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் 'மேகம்'. இன்னொருவர், பதினைந்து வருஷம் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துவிட்டு மறுபடி படிக்க வந்தவர். வகுப்புக்கே அக்கா.

அக்காதான் வாயைத் திறந்தார்.

"நான்தான் மேடம். வாரா வாரம் அவ நோட்டை வாங்கித்தான் எழுதறேன்."

"ஈயடிச்சான் காப்பியா?"

"அவ நோட்டை அப்படி எழுத முடியாது மேடம். எங்கேயாவது ஒரு இடத்துல கோட்டை விட்டிருப்பா. நம்பி எழுதினா நானும் மாட்டிக்குவேன். அதனால ஒவ்வொரு வரியா நானே போட்டுப் பார்த்து, அந்தத் தப்பைப் பிடிச்சப்புறம்தான் எழுதுவேன். பிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

"அவகிட்ட சொல்றதில்லையா?"

"சொன்னா, 'பேனாவுல எழுதியாச்சே அக்கா, போகட்டும்'ங்கிறா."

பேராசிரியைக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "ஈயை விட்டுட்டு மிச்சத்தைக் காப்பி அடிச்சிருக்கீங்க! சரி, தப்பைக் கண்டுபிடிக்கறதும் கணக்குத்தான். நீங்க போங்க."

அக்கா போனதும் மேகத்தின் பக்கம் திரும்பினார். இப்போது சிரிப்பில்லை.

"எட்டு வாரம், எட்டு ஈ! இவ்வளவு பெரிய கணக்கைப் போடத் தெரியுது, ஒரு மைனஸைப் பார்த்து எழுதத் தெரியலையா? விடுமுறையில ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். கடைசி அசைன்மென்ட்லயும் ஈ இருந்தா அடிச்சிடுவேன். ஈயை இல்ல, உன் பேரை."

மேகத்தின் கண் கலங்கியது. அந்த ஓர் இடத்துக்காக அவள் முதல் வருஷத்திலிருந்தே ஏங்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம், மத்தியானம். காற்றில் ஜன்னல் திரையின் கயிறு மெல்ல அலைந்துகொண்டிருந்தது. பேராசிரியை பாதித் தூக்கத்தில் அதையே பார்த்தார். மேலே ஓர் அலை போவதும் கீழே ஓர் அலை வருவதுமாக, அறையே மிதப்பது போலிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு தாள்களை எடுத்தார்.

முதலில் அக்காவுடையது. இரண்டு பக்கத்தில் முடிய வேண்டிய கணக்கு ஐந்து பக்கம் ஓடியிருந்தது. ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகிற வழி. யாரையும் பார்த்து எழுதியிருக்க முடியாத வழி. ஆனால் சரியான விடைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. கடைசியில் 'வந்துடுச்சு!' என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்திருந்தார்.

அடுத்தது மேகத்துடையது. பேராசிரியை சிவப்புப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஈயைத் தேடினார். ஒரு வரி, இரண்டு வரி, ஒரு பக்கம். எங்கேயும் இல்லை. போகப் போகத் தேடுவதையே மறந்துவிட்டார். எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறாள் இந்தப் பெண் என்று மனசு நிறைந்துபோனது.

பேராசிரியை வெளியே வந்தபோது மேகம் வராந்தா ஜன்னலில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"பார்த்தியா? ஒரு மிரட்டு மிரட்டினதும் கவனம் தானா வந்துடுச்சு! அந்த இடம் உனக்குத்தான்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே கொஞ்சம் தயங்கினாள்.

"மிரட்டினதால இல்ல மேடம். இந்த வாரம் அக்கா என் நோட்டைக் கேக்கல."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தப்பில்லாத நோட்டைக் குடுத்தா அக்கா அப்படியே எழுதிடுவாங்களே மேடம்."

பேராசிரியைக்குச் சட்டென்று அந்த எட்டுச் சிவப்பு வட்டங்களும் ஞாபகத்துக்கு வந்தன. முதல் வாரம் வெறும் கூட்டல் தப்பு. அடுத்த வாரம் ஓர் அடைப்புக்குறி. அப்புறம் ஒரு மைனஸ். வாரத்துக்கு வாரம், கண்டுபிடிக்க இன்னும் கொஞ்சம் கஷ்டமான தப்பு.

மெல்லக் கேட்டார்.

"ஒருவேளை... இந்த வாரமும் அக்கா கேட்டிருந்தாங்கன்னா?"

மேகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒன்பதாவது ஈயும் விழுந்திருக்கும் மேடம்."